ஒரு காலடி தள்ளி நட்ட கழி

ஊரில் யாரோடும் ஒட்டாத ஆள் ஒருவர் வேண்டும் என்று சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டுத் தேடியபோது, அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின. அந்தப் பக்கத்தில் கறாரக்கா உட்கார்ந்திருந்தாள். தனக்கு முன்னால் இருந்தவன் முதுகில் காய்ந்துபோயிருந்த சேற்றைப் பார்த்து, "இந்தக் கோலத்துலதான் நாலு பேர் கூடுற இடத்துக்கு வருவியா? வீட்டுல தண்ணியே கிடையாதா?" என்று அவனை உரித்துக்கொண்டிருந்தவள், சத்தமெல்லாம் அடங்கிவிட்டதை அறிந்துதான் நிமிர்ந்தாள்.

"என்ன, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறீங்க? கண்ணாடி மாட்டி வச்சிருக்கா?"

"அக்கா, இந்த ஊர்ல உங்களுக்கு யார் கூடவாவது பேச்சுவார்த்தை உண்டா?" என்று கேட்டார் சங்கத் தலைவர். ஊருக்குத்தான் அவர் தலைவர். சின்ன வயதில் அவர் மூக்கைச் சிந்திவிட்டவள் என்பதால் கறாரக்காவுக்கு அவர் தம்பி.

"இல்ல தம்பி. பேசுற மாதிரி ஆளு யாரு இருக்கா இங்க?"

"அப்ப நீங்கதான் காவல்," என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது. தன்னை யாருக்கும் பிடிக்காது என்பதற்காக ஒருத்திக்குக் கைதட்டல் கிடைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது. அதுதான் வேடிக்கை.

காவல் மட்டிக்கு, சேற்றில் கிடக்கும் சிப்பிக்கு. ஆறு கடலில் சேரும் இடத்தில், தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுத் திட்டு முழுக்க ஒரு காலத்தில் மட்டி கிடந்தது. காலை வைத்தால் சேறு தட்டுப்படாது, ஓடுதான் தட்டுப்படும். ஊரில் பாதிப் பேர் அதை வாரித்தான் அடுப்பு மூட்டினார்கள். பிறகு லாரி வந்தது. லாரிக்கு எவ்வளவு போட்டாலும் வயிறு நிறையவில்லை. முதலில் பெரிய மட்டி போயிற்று, அப்புறம் நடுத்தரம், அப்புறம் சட்டைப் பொத்தான் அளவு இருந்ததும் போயிற்று. மீன்துறையிலிருந்து ஓர் அம்மா வந்து, ஒரு கூடைச் சேற்றைச் சல்லடையில் அலசி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஓரிரண்டைக் காட்டினாள். "இதுதான் மிச்சம். இதையும் எடுத்துட்டா, நீங்க சேத்தைத்தான் கொதிக்க வைக்கணும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவள் மீது பழி போட யாருக்காவது ஆசை வரும்.

அந்த அம்மா வந்த அன்றைக்கு முடிவானது இது. திட்டின் நடுப்பகுதியை அப்படியே மூடிவிடுவது. அந்த அம்மாவே திறக்கச் சொல்லும் வரை யாரும் கால் வைக்கக் கூடாது. சுற்றிலும் ஓர் ஓரப் பட்டையை மட்டும், படகும் இல்லாமல் வேறு பிழைப்பும் இல்லாமல் இருப்பவர்களுக்கு விட்டுவைப்பது. அவர்களும் கையால்தான் வார வேண்டும். இரும்பு வளையம் ஒன்று உண்டு, அதற்குள் நுழைந்து விழுகிற மட்டி திரும்பவும் சேற்றுக்கே போக வேண்டும். படகுத்துறைக் கல்லில் கயிற்றைக் கட்டி நீளம் பார்த்து, கயிறு முடிந்த இடங்களில் மூங்கில் கழி நட்டார்கள். கழிக்கு உள்ளே பிடிபட்டால் வாரியது சேற்றில் கொட்டப்படும், வலைப்பை கிழிக்கப்படும், திட்டு திறக்கும் வரை ஓரப் பட்டையிலும் கால் வைக்க முடியாது.

இதற்கு முதலில் போட்ட காவல்காரர் நல்ல மனிதர். அதுதான் வினை. அவருக்கு ஊரெல்லாம் மச்சான், ஊரெல்லாம் மருமகன். "மாமா, ஒரே ஒரு பை" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பார்த்துப் பார்த்து அவர் கழுத்து அப்படியே நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அதனால்தான் அடுத்த ஆளாக, மாமா என்றோ அத்தை என்றோ யாரும் வாய்கூசாமல் கூப்பிட முடியாத ஓர் ஆளைத் தேடினார்கள்.

கறாரக்கா பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. தாய் போனபோது அவளுக்குப் பாவாடை கட்டத் தெரியும், தங்கைக்கு அதுவும் தெரியாது. தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே மட்டி வாரினாள். எடை போடுகிறவன் தராசில் கட்டைவிரலை வைத்தபோது அந்த விரலைக் கடித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் கறார். யார் செய்தாலும் தப்பு தப்புதான் என்று அப்போது பிடித்த பிடி. கல்யாணம் ஆனது. புருஷன் ஆழ்கடல் படகில் போனவன், வேறொரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே இன்னொரு வீட்டுக்குச் சாவி வாங்கிக்கொண்டான். அவனைப் பற்றி அவள் பேசியது ஒரே வாக்கியம்: "அவன் வளையத்துல நிக்காத ஆளு, திருப்பி விட்டுட்டேன்."

மிச்சம் இருந்தது தங்கை. சின்னவள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு ஓட்டையாக வைத்திருந்தார்கள். தீப்பெட்டி, உப்பு, தலைவலித் தைலம், ஊர்வம்பு எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வரும். ஊரில் யாரோடும் பேசாதவள் அந்த ஓட்டையில் வாயை வைத்தால் மூடமாட்டாள். ஒருநாள் சின்னவள் அந்தப் பக்கம் தூங்கி எழுந்து வந்தும் பேச்சு முடியவில்லை என்று கேள்வி.

காவலை அவள் பார்த்த அழகுக்கு ஒரு படமே எடுக்கலாம். அவள் அதட்டினால் ஏறிவருகிற தண்ணீர் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே வரும். நண்டு ஒன்று மட்டியைக் கவ்விக்கொண்டு போனதைப் பார்த்துத் துரத்திப் பிடித்து, மட்டியை வளையத்தில் போட்டுப் பார்த்து, அளவு பத்தாது என்று பிடுங்கிச் சேற்றில் வைத்தாள். அந்த நண்டு அதற்குப் பிறகு நேராக நடக்கப் பழகிக்கொண்டது. நம்பாதவர்கள் போய் நண்டையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதில் கலப்படம் கிடையாது. மழைக்காலத்தில் ஆறு பெருகும், சேறு இளகும், கழிகள் சாயும். சாய்ந்த கழியைப் பிடுங்கித் திரும்ப நடுவது காவல்காரியின் வேலை. கயிறு சங்கக் கட்டடத்தில் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் அதற்காகப் போய்ச் சாவி கேட்டுத் தலைவரின் பேச்சைக் கேட்க யாருக்குப் பொறுமை? அவள் கண் அளவிலேயே நட்டாள். நடும்போது ஒரு காலடி வெளியே தள்ளி நட்டாள். ஓடு இன்னும் கெட்டிப்படாத குஞ்சு மட்டிகள் கழியின் அந்தப் பக்கமும் கிடப்பது காலுக்குத் தட்டுப்பட்டது. 'குஞ்சுக்கு எல்லை தெரியுமா? நாமதான் கொஞ்சம் பாத்து விடணும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அடுத்த பெருக்குக்கு இன்னொரு காலடி. தனக்காக ஓர் ஓடுகூட எடுக்காதவள், திட்டுக்காகத் திருடுவது திருட்டு இல்லை என்று நினைத்துவிட்டாள். மட்டி வாரும் கூட்டத்தில்தான் இந்தத் தப்பு நடக்கும். நிலத்துக்காரனாக இருந்தால் முதல் காலடியிலேயே அரிவாள் வந்திருக்கும். சேற்றில் யாருக்கும் சொந்த வரப்பு கிடையாதே, கழி நிற்கிற இடம்தான் கழி நின்ற இடம்.

அவள் தள்ளித் தள்ளி நட்ட திசையில்தான் சின்னவள் வாரும் மூலை இருந்தது. சின்னவளின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கட்டிலில் கிடந்தான். வீட்டில் எழுந்து நடமாடுகிற ஒரே ஆள் அவள்தான். ஓரப் பட்டை அவளுக்காகவே விட்டது மாதிரி.

ஒரு மாலை ஓட்டை வழியாகக் குரல் வந்தது.

"அக்கா, மழைக்கு முன்னாடி கழி எனக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. இப்ப என் முழங்கால்ல இடிக்குது."

"கழிக்குக் காலா முளைச்சிருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். முளைச்சிருந்தா ஒரு செருப்பு வாங்கிக் குடு."

"வாய்க் கொழுப்பு குறையலடி உனக்கு. இருக்குற இடத்துல வாரு."

"இருக்குற இடத்துல கல்லுதான்க்கா இருக்கு. ஓரத்துல மிச்சம் ரெண்டு சாண்தான். அவருக்கு மாத்திரை தீந்துபோச்சு. கழிய ஒரு எட்டு பின்னால வச்சா யாரு செத்துப்போவா?"

"நாளைக்கு எல்லாரும் அதையே கேப்பாங்க," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அது தைலம் தேய்க்காததால் வந்த வலி என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வற்றுத் தண்ணீரில், நடுப்பகலில், ஓரப் பட்டையில் பெண்கள் எல்லாரும் குனிந்து வாரிக்கொண்டிருக்கும்போது, சின்னவள் கழியைத் தாண்டி உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஒளியவில்லை. தன் பழைய மூலையில், எப்போதும் உட்காருகிற மாதிரியே முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வாரினாள். வலைப்பை பாதி நிறைந்திருந்தது.

"எழுந்திரு," என்றாள் கறாரக்கா.

"நான் வெளியதான் இருக்கேன்."

"கழி அங்க நிக்குது. நீ இங்க இருக்க. இது வெளியா?"

சுற்றிலும் குனிந்திருந்த முதுகுகள் நிமிர்ந்தன. அதில் ஒருத்தி, ஊரில் அவளுக்குக் கரகரப்பு என்று பெயர், போன மாதம்தான் வளையத்தில் நிற்காத மட்டிக்காகத் தன் வலைப்பையைக் கறாரக்காவின் கத்திக்குப் பறிகொடுத்தவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நமக்குன்னா கத்தி தானா வெளிய வரும். கூடப் பொறந்தவன்னா கத்தி உறைய விட்டு வராது போல."

"வரும்டி வரும், தங்கச்சிக்குத் தனி வளையம் செஞ்சுருக்கா, குண்டுமணி அளவுக்கு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிரிப்பு சேற்றின் மேல் ஓடியது.

சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, நீயே சொல்லு. இந்தக் கழிய எங்க நட்ட?"

அந்த ஒரு கேள்விக்கு ஊரே காது கொடுத்தது. கறாரக்காவின் கால் பெருவிரலுக்குக் கீழே சேற்றில், பழைய கழி நின்ற குழி இருந்தது. தண்ணீர் நிரம்பி, விரல் நுழைகிற அளவுக்கு. அவள் விரல் அதற்குள் நுழைந்தே இருந்தது.

"நட்ட இடத்துலதான் நட்டேன்," என்றாள்.

பிறகு கத்தியை எடுத்தாள். வலைப்பையின் அடியை ஒரே இழுப்பில் கிழித்தாள். மட்டிகள் சேற்றில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. சின்னவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் கிழிந்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு கரையேறிப் போனாள். 

அன்று மாலை கறாரக்கா வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது, சுவர் ஓட்டையில் செங்கல் இருந்தது. சும்மா சொருகவில்லை. சிமெண்டு வைத்துப் பூசியிருந்தாள். கொத்தனார் பெண்டாட்டி அல்லவா, பூச்சு ஒரு மேடுபள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தது. கறாரக்கா அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இன்னும் காயவில்லை. தள்ளியிருந்தால் விழுந்திருக்கும். தள்ளவில்லை. 'தப்பு பண்ணினவ அவ, நான் எதுக்குத் தள்ளணும்' என்று படுத்துவிட்டாள்.

அந்த வாரமே சின்னவள் புருஷனைக் கட்டிலோடு ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டாள். வேன் கிளம்பும்போது ஊரே வாசலில் நின்றது. கறாரக்கா திட்டில் நின்றாள், காவல் நேரம்.

திட்டு தேறியது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன், நான் சொல்கிற பொய்யெல்லாம் வேறு மாதிரி. அந்த மீன்துறை அம்மா சொன்னபடியே மட்டி பெருகியது. ஓட்டின் மேல் ஓடு ஏறி, தண்ணீர் வற்றும்போது திட்டு முழுக்கப் பல் கடிப்பதுபோல் சத்தம் கேட்கும். திறந்த அன்று ஊர் திருவிழாக் கூட்டம்போல் இறங்கியது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தும் அவரவர் பை நிறைந்தது. லாரிக்காரனும் வந்து நின்றான், அவனுக்கு மூக்கு வேர்க்காமல் இருக்குமா?

வாருவதற்கு முன்னால் அந்த அம்மா உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். சங்கக் கட்டடத்திலிருந்து பழைய கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி, படகுத்துறைக் கல்லில் கட்டி இழுத்தாள். கயிறு முடிந்தது. கழி இன்னும் அந்தண்டை, தொலைவில் நின்றது.

"யாரு கழிய இவ்வளவு தள்ளி நட்டது?" என்று கேட்டாள்.

எல்லாத் தலைகளும் கறாரக்கா பக்கம் திரும்பின.  வரட்டும், வந்தே தீரட்டும் என்று அவள் நின்றாள். அத்தனை வருடமாக மற்றவர்களுக்குச் செய்ததைத் தனக்கும் யாராவது செய்வார்கள், வலைப்பை இல்லாவிட்டால் சேலையையாவது கிழிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். சொல்லப்போனால் அதற்காக ஏங்கினாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க," என்றாள் அந்த அம்மா. அந்த மூலையில் சல்லடையை முக்கி எடுத்து, நிறைந்து வழிந்ததைக் காட்டினாள். "குஞ்செல்லாம் இங்கதான் தங்கிருக்கு. இந்தத் துண்டு மட்டும் திறந்து கிடந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது."

"எங்க அக்காவோட கண்ணு அப்படி!" என்று தலைவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். இது இரண்டாவது கைதட்டல்.

கரகரப்பு மட்டும் தட்டவில்லை. கயிற்றையும் கழியையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப அன்னிக்குச் சின்னவ வெளியதான உக்காந்திருந்தா?"

"இந்த நல்ல நாள்ல பழசக் கிளறணுமா?" என்றார் தலைவர். ஊர் குனிந்து வார ஆரம்பித்தது. சின்னவளின் மூலையில்தான் கூட்டம் அதிகம். கரகரப்பும் அங்கேதான் வாரினாள். மனசாட்சி ஒரு பக்கம், மட்டி ஒரு பக்கம்.

மறுநாள் கறாரக்கா அந்த மூலையில் தன் பங்கை வாரி, நல்லதாகப் பொறுக்கி, ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு நடத்துனர் தனி டிக்கெட் கேட்டதாகவும், இவள் அவரை முறைத்த முறைப்பில் அவர் அடுத்த நிறுத்தத்தில் தானே இறங்கிக்கொண்டதாகவும் சொல்வார்கள். விசாரித்து விசாரித்து அவள் போய்ச் சேர்ந்தது ஒரு நீளக் கொட்டகை. உள்ளே சுவர் முழுக்க வெள்ளை ஓடு. தரையில் ஐஸ் தண்ணீர். நெடுக ஓர் எவர்சில்வர் மேசை, அதன் இரண்டு பக்கமும் ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் தொப்பியும் போட்ட பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் குட்டைக் கத்தி. நடுவில் மலைபோல் மட்டி. ஓட்டைப் பிளந்து, சதையைச் சுரண்டித் தட்டில் போட்டு, ஓட்டைக் காலடியில் தள்ளுவது. பிளந்து, சுரண்டி, தள்ளுவது.

தொப்பிக்குள் எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருந்தன. விரல்களை வைத்துத்தான் சின்னவளைக் கண்டுபிடித்தாள். அந்த விரல்கள் ஐஸில் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"சின்னவளே."

கத்தி நிற்கவில்லை. "வா அக்கா."

"உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"உன் மூலையில வாரினதுடி. உனக்காகக் கொண்டாந்தேன்."

"என் மூலை மட்டிய நீ கொண்டுவந்துதான் நான் பாக்கணுமா? லாரிக்காரன் நேத்து சாயங்காலமே கொட்டிட்டுப் போயிட்டான். ஓட்டுல கருப்பு வரி இருக்கு பாரு, நம்ம சேறு. காலையிலேர்ந்து அதைத்தான் பொளந்துக்கிட்டு இருக்கேன்."

கறாரக்கா மேசையைப் பார்த்தாள். ஒவ்வோர் ஓட்டிலும் அந்தக் கருப்பு வரி இருந்தது.

"அந்தக் கழி..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். உனக்கும் அன்னிக்கே தெரியும். இன்னிக்கு என்ன புதுசாத் தெரிஞ்சுதுன்னு பஸ் ஏறி வந்த?"

பக்கத்தில் நின்ற பெண்கள் கத்தியை மெதுவாக்கிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். கொட்டகை மேஸ்திரி தூரத்திலிருந்து விசில் கொடுத்தான்.

"வீட்டுக்கு வந்துரு. திட்டு தொறந்தாச்சு. உன் இடத்த நான் வாங்கித் தர்றேன்."

"வேலைய விட்டுட்டு வந்தா அவர் வைத்தியத்த யார் பாப்பா? இங்கதான் ஆஸ்பத்திரி இருக்கு." சின்னவள் ஒரு மட்டியைப் பிளந்தாள், சுரண்டினாள், தள்ளினாள். அப்புறம் முதல் தடவையாக நிமிர்ந்து சாக்கைப் பார்த்தாள். "எல்லாத்தையும் வளையத்துல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி. அந்தக் குவியல்ல கொட்டிட்டுப் போ. நீ நின்னா எனக்கு வேலை கெடும்."

கறாரக்கா கொட்டினாள். அவள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த மட்டிகள் குவியலில் உருண்டு, எது அவள் கொண்டுவந்தது, எது லாரி கொண்டுவந்தது என்று தெரியாமல் கலந்துபோயின. மேஸ்திரி ஓடிவந்தான்.

"யார் சரக்கு இது? கணக்குல இல்லையே?"

"யாருதும் இல்ல," என்றாள் சின்னவள். "சும்மா வந்தது." கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

காலியான சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு கறாரக்கா ஊர் திரும்பினாள். பக்கத்து வீடு பூட்டித்தான் கிடந்தது. சுவரில் அந்தப் பூச்சு நன்றாக இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தாள். காம்புதான் வளைந்தது.

பருவம் முடிந்து திட்டை மறுபடி மூடுகிற நாள் வந்தது. அதே சங்கக் கட்டடம், அதே நாற்காலிகள். இந்தத் தடவை யாரும் தேடக்கூட இல்லை. தலைவர் மூங்கில் கழிகளை நேராக அவள் பக்கம் சாய்த்து வைத்தார்.

"வேற யாரையாவது பாருங்க தம்பி," என்றாள்.

"உங்கள விட்டா யாருக்கா? போன தடவையாவது உங்களுக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இருந்தாங்க, எங்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்துச்சு. இப்ப அந்தக் கவலையும் இல்ல." அவர் அதை மனதாரப் பாராட்டாகத்தான் சொன்னார். கூட்டமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு தலையாட்டியது.

"அப்ப அந்தக் கயித்த எடுங்க."

"கயிறு எதுக்கு? நீங்க நடுற இடம்தான் எல்லை."

மூன்றாவது கைதட்டல் எழுந்தது. முன்னால் இருந்தவன் அதற்காகக் கையைத் தூக்கியபோது, அவன் முதுகில் காய்ந்த சேறு பொருக்குப் பொருக்காகத் தெரிந்தது. கறாரக்கா அதைப் பார்த்தாள். கழிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவனை ஒன்றும் சொல்லாமல், கதவைத் தாண்டி வெளியே போனாள்.